முதலில் ஒரு பக்கெட், அப்புறம் பைப்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. கிழக்குப் பார்த்த பால்கனி, பத்தடிக்கு நாலடி. மண்தொட்டி வைத்தால் கீழ்வீட்டுத் துணிமேல் அழுக்குத் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டை வருகிறது. அதனால் மண்ணில்லாமல் சத்துத் தண்ணீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் கீரை, லெட்யூஸ், தக்காளி போடலாம் என்று யோசனை. 36 துளை உள்ள பைப் செட் ஒன்றை 14,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? குடியிருப்பில் போர் தண்ணீர்தான். குடிக்க மட்டும் ஆர்ஓ. "இருபது ரூபாய்க் கீரைக்கு இத்தனை செலவா, அதுவும் கெமிக்கல் தண்ணீரில்" என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: 14,000 ரூபாயை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள், ஐயா. பைப் செட் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஆசை குறையாமல் இருந்தால் அடுத்த வருடம் வாங்கலாம். இப்போது வாங்க வேண்டியது ஒரு டிடிஎஸ் மீட்டர். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். உங்கள் கடிதத்தில் பால்கனியின் நீள அகலம் இருக்கிறது, திசை இருக்கிறது, கீழ்வீட்டுச் சண்டைகூட இருக்கிறது. தண்ணீரின் டிடிஎஸ் மட்டும் இல்லை. மண்ணில்லா விவசாயத்தில் தண்ணீர்தான் நிலம். நிலத்தைப் பார்க்காமல் ஏர் வாங்கப் போகிறீர்கள்.

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. நாம் செடிக்குக் கொடுக்கும் சத்தும் உப்புதான். முளைக்கீரைக்குச் சத்து கலந்த பிறகு மீட்டர் 700 முதல் 900 வரை காட்டினால் போதும். லெட்யூஸுக்கு இன்னும் குறைவு, 500 முதல் 700. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்து ஒரு சொட்டு விடுவதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது. ஏற்கெனவே உப்புக் கரிக்கிற குழம்பில் மேலும் மசாலாவைக் கொட்டினால் என்ன ஆகும்? அதுவும் அந்த 1,400-இல் பெரும்பங்கு சோடியம், குளோரைடு, பைகார்பனேட். செடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு இவற்றைத் தொட்டியிலேயே விட்டுவிடும். நாளாக ஆக மிச்சத் தண்ணீர் இன்னும் கரிக்கும். மூன்றாவது வாரம் இலை ஓரம் பழுப்பாகக் கருகும். சத்து போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். என்னிடம் வருகிற பத்துப் புகாரில் பாதி இந்தக் கதைதான்.

இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். சென்னைக் குடியிருப்புகள் பலவற்றில் மொட்டைமாடித் தொட்டிக்கு முன்னால் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். மாதாமாதம் மூட்டை மூட்டையாக உப்பு வாங்குகிற கணக்கு பராமரிப்பு ரசீதில் இருந்தால் உங்கள் இடத்திலும் அது இருக்கிறது என்று அர்த்தம். சோப்பு நன்றாக நுரைக்கும், கீசரில் வெள்ளைப் படிவு குறையும். மீட்டரைப் போட்டுப் பார்த்தால் டிடிஎஸ் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அது செய்வதெல்லாம் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுவது. செடிக்கு வேண்டியதை எடுத்துவிட்டு வேண்டாததைப் போடுகிற இயந்திரம். சாஃப்ட்னர் தண்ணீரை நேராகச் செடிக்கு ஊற்றவே வேண்டாம்.

அப்புறம் எந்தத் தண்ணீர் என்று கேட்பீர்கள். உங்கள் ஆர்ஓவிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அளந்து பாருங்கள். 60 என்று காட்டினால், 18 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 2 லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் 200-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த 2 லிட்டரை சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். அதில் கொஞ்சம் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இருப்பதால் வீண் இல்லை. அந்தக் குழாய் எட்டவில்லை என்றால் முழுக்க ஆர்ஓ தண்ணீரே போதும், சத்துக் குப்பியில் கால்சியம் வந்துவிடும். ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீர் வீடு துடைக்கத்தான். சிக்கனம் என்று அதைச் செடிக்கு ஊற்றினால் போர் தண்ணீரைவிட மோசம்.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் ஆர்ஓ தண்ணீரைவிட நல்லது. சென்னைப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடும் ஏசியின் குழாயடியில் பக்கெட் வைத்தால் காலையில் பாதியாவது நிறைந்திருக்கும். உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீர். தூசி இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் மழைத் தண்ணீரும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயமான மழைநீர்க் குழாய் உங்கள் கட்டடத்திலும் மொட்டைமாடியிலிருந்து இறங்கும். முதல் ஓரிரு மழையில் மாடி அழுக்கெல்லாம் கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் செயலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு டிரம் பிடித்து மூடி வையுங்கள். கார்த்திகை முழுவதற்கும் காணும்.

சரி, தண்ணீர் தயார். இப்போது பக்கெட்.

பெயிண்ட் வந்த 20 லிட்டர் பக்கெட், மூடியோடு. பழைய இரும்புக் கடையில் அறுபது, எழுபது ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுத்தமாக உரித்துக் கழுவுங்கள், நாற்றம் போகும்வரை வெயிலில் வையுங்கள். மூடியில் நான்கு துளை, நெட் பாட்டின் (செடி உட்காருகிற சின்ன வலைக் கிண்ணம்) விளிம்பு மேலே தங்குகிற அளவுக்கு. ட்ரில் இல்லாவிட்டால் பிளம்பரிடம் கொடுங்கள், ஹோல் சா வைத்து இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருவார். பக்கெட்டின் வெளிப்பக்கம் முதலில் கறுப்புப் பெயிண்ட், காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் திருப்பும். வெளிச்சம் உள்ளே போனால் பத்தே நாளில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். பெயிண்ட் அடிக்கச் சோம்பலாக இருந்தால் கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றி, அதன்மேல் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். அழகாக இருக்காது. வேலை நடக்கும்.

இந்த முறையில் மோட்டாரும் இல்லை, காற்று பம்பும் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்னார்ட் கிராட்கி என்பவர் இதைச் சீராக ஆராய்ந்து எழுதியதால் கிராட்கி முறை என்கிறார்கள். மண்ணும் மின்சாரமும் இல்லாமல் செடி வளர்ப்பது இந்தியாவுக்கும் புதிதல்ல. கலிஃபோர்னியாவில் கெரிக் என்ற பேராசிரியர் 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பத்து வருடத்துக்குள், 1946-இல், டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் காலிம்போங்கில் சரளைக்கல் தொட்டிகளை வைத்து எளிய முறை ஒன்றை வளர்த்தெடுத்தார். பைப்பும் எல்இடியும் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தவை.

கிராட்கி முறையின் சூட்சுமம் ஒன்றுதான், அதில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குவார்கள். முதல் நாள் நெட் பாட்டின் அடி ஒரு சென்டிமீட்டர் நனைகிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். வேர் அதைத் துரத்திக்கொண்டு கீழே போகும். மேலே காலியான இடத்தில் தொங்கும் வேர்களில் பூனை முடி மாதிரி வெள்ளைப் பிசிறு முளைக்கும். அவை மூச்சுக்கான வேர்கள், கீழே நனைந்திருப்பவை குடிப்பதற்கான வேர்கள். பதினைந்தாவது நாள் மூடியைத் தூக்கிப் பார்த்து, ஐயோ பாதி காலியாகிவிட்டதே என்று பாசத்தோடு கழுத்துவரை ஊற்றுவீர்கள். மூச்சு வேர் மூழ்கும், மறுநாள் செடி வாடும். தண்ணீரில் நின்றுகொண்டு வாடுகிறதே என்று குழம்புவீர்கள். ஊற்றத்தான் வேண்டும் என்றால் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். மூடியைத் தூக்கும்போதெல்லாம் வேரின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை அல்லது பாலாடை நிறம் நல்லது. பழுப்பாக, வழவழவென்று, சாக்கடை வாடை அடித்தால் அழுகல். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு பக்கெட்டைக் கழுவிப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி.

சத்து, ஏ என்றும் பி என்றும் இரண்டு குப்பிகளாக வரும். ஏன் இரண்டு என்று கேட்காமல் நானே ஆரம்ப காலத்தில் ஒரு தப்புச் செய்தேன். இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி வைத்தால் வேலை மிச்சம் என்று கலந்தேன். கண்ணெதிரே பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி அடியில் படிந்தது. ஒரு குப்பியில் இருக்கும் கால்சியம் இன்னொரு குப்பியில் இருக்கும் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து கரையாத கல்லாகிவிட்டது. இரண்டு குப்பிக் காசும் போச்சு. அதனால் பக்கெட் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு முதலில் ஏ, நன்றாகக் கலக்கி, அப்புறம் பி. குப்பியில் போட்டிருக்கும் அளவில் பாதியை ஊற்றி மீட்டரைப் பாருங்கள், 800 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உரக்கடையில் 19:19:19 மலிவாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் தழைச்சத்தின் பெரும்பங்கு யூரியாவாக இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றித் தரும். உங்கள் பக்கெட்டில் அதற்குப் போதிய ஆள் கிடையாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் இவற்றை மண்தொட்டிக்கு நானே சொல்வேன். தேங்கிய தண்ணீரில் ஊற்றினால் கீழ்வீட்டோடு மேல்வீடும் சேர்ந்து சண்டைக்கு வரும்.

தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டுகிற எண்ணான பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மலிவு விலை பிஎச் மீட்டர் அடிக்கடி பொய் சொல்லும், இப்போது வேண்டாம். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே துளி விட்டு நிறம் பார்க்கிற சோதனைக் குப்பி கிடைக்கும். ஆரம்பத்துக்கு அது போதும். ஆர்ஓ தண்ணீரில் சத்து கலந்தால் பெரும்பாலும் தானாகவே 6 பக்கம் வந்துவிடும். புதுத் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வந்தால் பிஎச் ஏறிவிட்டது, செடியால் இரும்பை எடுக்க முடியவில்லை. அடி இலை மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. பிஎச்சைக் குறைப்பதற்கு இதற்கென்றே விற்கிற பாஸ்பாரிக் அமிலக் கரைசல் சில துளி போதும், தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். எலுமிச்சைச் சாறு ஓரிரு நாளுக்கு மேல் நிற்காது. பேட்டரி ஆசிட் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சாப்பிடுகிற கீரைக்கு அது வேண்டவே வேண்டாம்.

என்ன போடலாம்? முளைக்கீரையும் புதினாவும். புதினா வாங்குகிற கட்டிலிருந்தே நல்ல தண்டு நாலைந்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விட்டுவிடும். காசில்லாத பயிற்சி. முளைக்கீரை விதையை ஓரங்குல ஸ்பாஞ்சுத் துண்டில் நாலைந்து தூவி, வெறும் தண்ணீரில் நனைத்துத் தட்டில் வையுங்கள். முதலில் வரும் விதையிலை போக இரண்டு உண்மை இலை வந்து, ஸ்பாஞ்சுக்கு அடியில் வேர் எட்டிப் பார்த்ததும் நெட் பாட்டுக்கு மாற்றுங்கள். விதைத்து நான்கைந்து வாரத்தில் ஒரு பொரியலுக்கு வரும். வெயில் காலத்துக்குப் பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை. இரண்டும் சூட்டுக்கு அசராதவை.

லெட்யூஸ் குளிர்நாட்டுச் செடி. கார்த்திகை பிறந்து மாசி வரைக்கும் சென்னை அதைப் பொறுத்துக்கொள்ளும். பங்குனியில் தண்டு நீண்டு பூவெடுத்து இலை கசக்கும். காரணம் காற்றின் சூடு மட்டும் இல்லை, தண்ணீரின் சூடும்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கு மூச்சு தேவைப்படுகிற நேரத்தில் மூச்சு குறைகிறது, அழுகல் பூஞ்சணத்துக்கோ அந்தச் சூடு கொண்டாட்டம். உங்கள் பால்கனி கிழக்கு என்பது அதிர்ஷ்டம். காலை பதினொன்று வரை வெயில் அடித்துவிட்டு நிழலாகிவிடும், கீரைக்கு நாலைந்து மணி நேர வெயில் போதும். சித்திரை, வைகாசியில் மட்டும் பாதி நிழல் தருகிற பச்சை வலை கட்டுங்கள். தக்காளியை இந்த வருடம் மறந்துவிடுங்கள். ஒரு செடிக்கே ஒரு பக்கெட் வேண்டும், கோடையில் நாளுக்கு லிட்டர் கணக்கில் குடிக்கும், கொம்பு நட வேண்டும், காற்றோட்டம் குறைந்த பால்கனியில் பூவைத் தட்டி மகரந்தம் உதிர்க்க வேண்டும்.

கொசுவைப் பற்றி யாரும் வீடியோவில் சொல்வதில்லை. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு உங்கள் பக்கெட் சொந்த வீடு மாதிரி. முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், உங்கள் தண்ணீரோ ஒரு மாதம் தேங்கி நிற்கப் போகிறது. மழைக்காலத்தில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது புழு நெளிந்தால், கீரை வளர்க்கிறேன் என்ற சமாதானம் எடுபடாது. மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். நெட் பாட்டுக்கும் துளைக்கும் இடையில் சந்து இருந்தால் பஞ்சை வைத்து அடையுங்கள். செடி இல்லாத துளையைத் திறந்து போடாதீர்கள். மண் இல்லை, அதனால் பூச்சியும் இல்லை என்பதும் விற்பனைப் பேச்சுதான். அசுவினியும் மாவுப்பூச்சியும் படியேறி வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் விரலால் நசுக்கிவிடலாம். தாண்டிவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில்.

பைப் செட்டுக்கு வருகிறேன். அதில் தண்ணீர் ஏடு மாதிரி மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றால் வேருக்குப் பிடிமானமாக எதுவும் இல்லை. 2017 மே மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இங்கே என் வீட்டு மொட்டைமாடியில் மோட்டார் அடாப்டர் புகைந்து நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது நான்கு பைப்பிலும் வதக்கி எடுத்த மாதிரி செடிகள் படுத்துக் கிடந்தன. கோடை வெயிலில் அதற்கு ஒரு நாள்கூட வேண்டாம், உச்சிப்பொழுது இரண்டு மணி நேரம் போதும். பக்கெட்டில் அந்தப் பயம் இல்லை, நீங்கள் ஒரு வாரம் திருப்பதி போய்விட்டு வரலாம். அப்புறம் 36 துளையிலும் ஒரே நாளில் நட்டால் ஒரே வாரத்தில் 36-ம் அறுவடைக்கு நிற்கும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் யார் சாப்பிடுவது? பக்கெட் ஒன்று இன்றைக்கு, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, மறுபடி இரண்டு வாரம் கழித்து மூன்றாவது. இப்படி மூன்று பக்கெட்டைச் சுழற்றினால் மாதத்தில் இரண்டு முறை உங்கள் கீரை தட்டுக்கு வரும். மீட்டர், சத்து, நெட் பாட், பக்கெட் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

உங்கள் வீட்டம்மா கேட்ட இரண்டில் ஒன்று நூற்றுக்கு நூறு சரி. காசுக் கணக்கில் இது ஜெயிக்காது. இருபது ரூபாய்க் கட்டைவிட உங்கள் பக்கெட் கீரைக்குக் கூடத்தான் செலவாகும், கீரைக்காரம்மாவிடம் வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். கெமிக்கல் விஷயத்துக்கு மட்டும் பதில் இருக்கிறது. சாணி எருவானாலும் அது மக்கி நைட்ரேட்டாக, பொட்டாசியமாகக் கரைந்தால்தான் வேர் எடுக்கும். குப்பியில் அது கரைந்த நிலையிலேயே வருகிறது. பூச்சிமருந்து வேறு, இது வேறு. ஆனால் இயற்கை விவசாயக் கீரை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளாதீர்கள், அது இல்லை. அளவு மீறிச் சத்து ஊற்றி, வெளிச்சமும் குறைந்தால் இலையில் நைட்ரேட் தேங்கும் என்பதும் உண்மை. அதனால் 900-ஐத் தாண்டாதீர்கள். கீரையை விடியற்காலையில் பறிக்காமல், பகல் முழுக்க வெளிச்சம் பட்ட பிறகு சாயங்காலம் பறியுங்கள், அதற்குள் செடி கொஞ்சம் நைட்ரேட்டைச் செரித்திருக்கும். ராத்திரி கீரை ஆகாது என்று வீட்டில் சொன்னால், கழுவி ஈரத்துணியில் சுற்றிப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் மதியம் சமைக்கட்டும்.

மீட்டர் வந்ததும் நான்கு டம்ளரில் பிடியுங்கள். போர், சமையலறைக் குழாய், ஆர்ஓ, ஏசி. நான்கு எண்களையும் எழுதி அனுப்பினால், உங்கள் பக்கெட்டுக்கு எதை எத்தனை லிட்டர் கலப்பது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.